மனை காண வந்தவர்கள்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்பினைக் கூறுமிடத்துத் தொன்மை என்பதை ஒரு வனப்பாகவும், விருந்து என்பதை வேறொரு வனப்பாகவும் வைத்தார். பழைய செய்தியை எடுத்துரைப்பது தொன்மை. புதிதாகப் புனையப்படுவது விருந்து. இல்லம் நாடி வரும் அயலாரும் புதியராதலின் விருந்தினர் எனப்பட்டனர்.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு நாம் எங்கோ குடியேறி வாழ்கின்றோம். நம்மைப் பெற்று வளர்த்த இருமுதுகுரவர் ஆண்டுக்கொரு முறையோ, ஈராண்டுக்கொரு முறையோ பெட்டி படுக்கையுடன் பேரக் குழந்தைகளைக் காண வந்து இறங்குகின்றனர். அவர்கள் நமக்குத் தொன்மையா, விருந்தா? அவர்களை நாம் ஓம்ப வேண்டுமா, தழுவ வேண்டுமா? இவ்வையத்தை நம் இலக்கியங்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏட்டில் மட்டும் எழுந்த ஐயம் அன்று இது. எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழை எழுப்பிய ஐயம்.

ஒரு பட்டியலின் கதை

யாம் வாழும் கொல்லங்கோடு பாலக்காட்டிற்கும் பொள்ளாச்சிக்கும் இடையிலுள்ள சிற்றூர். தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர்போல் எழுந்து நிற்கும். மழைக்காலத்தில் அம்மலையின் முகத்தில் வெள்ளிக் கம்பிகளாக அருவிகள் இறங்கும். ஊருக்குள் பழைய அரண்மனை, சற்றுத் தொலைவில் காச்சாங்குறிச்சிப் பெருமாள் கோயில், மலையடிவாரத்தில் சீதார்குண்டு. வனவாசத்தில் இராமனும் சீதையும் இலக்குவனும் அங்குத் தங்கினர் என்பது ஊரார் நம்பிக்கை. நாட்டின் அழகிய சிற்றூர்கள் என்று 2023-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் சமூக ஊடகங்களில் பரவியது. அதில் கொல்லங்கோடும் இடம்பெற்றபின் வெளியூரார் வருகை பெருகிற்று.

இத்தகைய ஊரில் வாழ்வோர்க்கு ஒரு தொல்லை உண்டு. உறவினர் எவர் வரினும் ஊரைச் சுற்றிக் காட்டுவதே தம் முதற்கடமை என்று எண்ணத் தொடங்குவர். யாமும் அங்ஙனமே எண்ணினோம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து எம் பெற்றோர் வருவதாக எழுதியவுடன், நடுவணரசு எழுத்தர்க்கு ஆண்டுக்கு வாய்க்கும் 8 நாள் தற்செயல் விடுப்பில் 4 நாளை எடுத்துக்கொண்டு, அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதும் ஒழுங்குடன் ஒரு பட்டியல் எழுதினோம். முதல் நாள் அரண்மனையும் காச்சாங்குறிச்சியும். இரண்டாம் நாள் நெல்லியாம்பதி. மூன்றாம் நாள் பாலக்காட்டுக் கோட்டை, கல்பாத்தி, மலம்புழை அணை. நான்காம் நாள் குருவாயூர். ஐந்தாம் நாள் ஊர் திரும்பும் வழியில், ஆனைமலையில் வாழும் அத்தையின் வீட்டில் ஒரு மணி நேரம். பின்னர்ப் பொள்ளாச்சியில் இரயில்.

அத்தை என்பவர் எம் தந்தையின் தமக்கையார். உடன்பிறந்தார் இருவரும் சந்தித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டியலைத் தந்தையிடம் படித்துக் காட்டினோம். “அக்காவைக் கடைசியிலா வச்சிருக்கே?” என்று மட்டும் கேட்டார். “போகிற வழிதானே அப்பா” என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியல் சிறிதும் பிழையாமல் நிறைவேறியது. மலம்புழையில் தந்தை சற்று நேரம் மகிழ்ந்து நின்றார். 1955-இல் அந்த அணையைத் திறந்து வைத்தவர் அந்நாளைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் என்பதைப் பேரனுக்குச் சொன்னார். நெல்லியாம்பதியின் மேல், சீதார்குண்டுக் காட்சி முனையில் அனைவரும் நின்று கீழே பரந்து கிடந்த சமவெளியைப் பார்த்தோம். வயல்களும் தென்னந்தோப்புகளும் நீர்த்தேக்கங்களும் ஓவியம்போல் தெரிந்தன. தந்தை கேட்டார்: “இதிலே ஆனைமலை எந்தப் பக்கம்?” யாம் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிட்டு, அனைவரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தோம்.

ஐந்தாம் நாள் அத்தையின் வீட்டில் ஒரு மணி நேரமும் இருக்க இயலவில்லை, வழியில் நெரிசல். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. “ஒரு வாய் சோறு உண்டுபோட்டுப் போ, தம்பி” என்றார் அத்தை. தந்தை எம் முகத்தைப் பார்த்தார். யாம் கடிகாரத்தைப் பார்த்தோம். எம் மகன் எம் காதருகே வந்து, “இந்தப் பாட்டி யாருக்கு என்ன வேணும்?” என்று கேட்டான். பதில் சொல்லவும் நேரமில்லை. அவ்வாண்டு ஐப்பசியில் அத்தை காலமானார்.

இதன் பின்னரே, விருந்தோம்பலில் உலகிற்கு வழிகாட்டிய இனம் என்று நாம் பெருமை பேசும் நூல்களைத் திரும்ப எடுத்துப் படித்தோம். அன்பும் செலவும் விடுப்பும் குறையவில்லையே, பிழை எங்கே நேர்ந்தது என்று அறிய விரும்பினோம்.

வள்ளுவர் வகுத்த இரண்டு அதிகாரங்கள்

திருக்குறளில் விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம்; சுற்றந்தழால் 53-ஆம் அதிகாரம். முன்னது அறத்துப்பாலில் இல்லறவியலின் கண்ணது. பின்னது பொருட்பாலில் அரசியலின் கண்ணது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணி நாம் மேடைகளில் பேசிவருகின்றோம். வள்ளுவர் அங்ஙனம் எண்ணவில்லை.

விருந்தோம்பலில் அவர் காட்டும் விருந்தினன் வந்து செல்பவன். வந்தவனை ஓம்பி வழியனுப்பி, அடுத்து வருபவனை எதிர்நோக்கி நிற்பதே ஆங்குச் சிறப்பு. அவன் உள்ளம் மென்மையானது. மோந்தால் வாடும் அனிச்சத்தினும் மெல்லியது. முகம் திரிந்து நோக்கினாலே வாடிப்போகும். ஆகவே அவனுக்கு வேண்டுவன முகமலர்ச்சியும் உணவும்.

சுற்றந்தழாலில் அடிப்படையே மாறிவிடுகின்றது. செல்வம் நீங்கிய நிலையிலும் பழைய உறவைப் பாராட்டும் பண்பு சுற்றத்தாரிடமே உண்டு என்று அவ்வதிகாரம் தொடங்குகின்றது. தொடக்கமே பழைமை! விருந்து புதுமையாயின் சுற்றம் பழைமை. தொல்காப்பியர் செய்யுளில் வைத்த தொன்மை, விருந்து என்னும் இரண்டையும் வள்ளுவர் வாழ்க்கையில் வைத்துக் காட்டினார் எனலாம். மேலும், சுற்றத்தாரோடு உள்ளம் கலந்து பழகாதவன் வாழ்க்கைக்கு அவர் ஓர் உவமை கூறுகின்றார்: கரையில்லாக் குளத்தில் நீர் நிறைந்தாற் போன்றது அது. நீர் நிறைகின்றது, ஆயின் தங்குவதில்லை. அவ்வுவமையில் கரை என்னும் பொருளில் அவர் ஆண்ட சொல் கோடு என்பது. எம் ஊர்ப்பெயரின் ஈற்றிலும் அச்சொல்லே நிற்றலின் அதனிடம் பின்னர் வருவோம்.

பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் இவ்வதிகாரத்தை அரசனுக்கு உரியதாகக் கொண்டனர். இயல் வைப்பு முறைக்கு அது பொருந்தும். ஆயினும் நாம் நோக்க வேண்டியது ஒன்று உண்டு. சுற்றத்தைத் தழுவுதல் தானாக நிகழும் என்று வள்ளுவர் விட்டுவிடவில்லை. கொடுத்தலும் இன்சொல்லும் அதற்கு வேண்டும் என்றார். காரணம்பற்றிப் பிரிந்து போய் மீண்டும் வந்தவனை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளும் முறையையும் சொன்னார். அரசாட்சிக்கு வேண்டும் கருத்தும் முயற்சியும் உறவுக்கும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். அன்பிருந்தால் போதும், மற்றவை தாமே அமையும் என்னும் நம் சோம்பலுக்கு அங்கு இடமில்லை.

யாம் செய்த முதற்பிழை இப்போது தெரிகின்றது. சுற்றத்தாராய் வந்தவர்க்கு யாம் விருந்தோம்பல் செய்தோம். “விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்னும் பழமொழி பெற்றோர்க்கு உரியதன்று என்பது எவர்க்கும் தெரியும். ஆனால் நாட்கணக்குப் போட்டுக் காட்சிகளைப் பரிமாறியபோது யாம் அவர்களை அப்பழமொழிக்குள் தள்ளிவிட்டோம்.

செவிலி கண்டது என்ன?

இனி, முதியவர் ஒருவர் இளையோரின் மனைக்குச் செல்லும் காட்சி நம் இலக்கியத்தில் எங்கே தொடங்குகின்றது என்று பார்ப்போம். சங்க அகப்பாடல்களில் அதற்கென ஒரு துறையே உண்டு. மணமாகிப் புதுமனை புகுந்த தலைவியைக் காணச் செவிலித்தாய் சென்று, தான் கண்டதைத் திரும்பி வந்து நற்றாயிடம் கூறுவது அது.

குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டுவது ஓர் அடுக்களை. தலைவி முற்றிய தயிரைக் காந்தள் போன்ற விரலால் பிசைகின்றாள். அவ்விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்கவும் நேரமின்றி உடுத்திருக்கின்றாள். தாளிப்பின் புகை கண்ணில் படுகின்றது. அவள் தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கின்றான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கின்றது. அவ்வளவே பாட்டு. அந்த ஊரின் மலை என்ன, அருவி என்ன, எவ்வளவு பெரிய வீடு என்று செவிலி ஒரு சொல்லும் கூறவில்லை. துவைக்காத ஆடையைக் கண்டாள். அதைக் குறையாகக் கருதாமல், அதன் பின்னுள்ள உழைப்பையும் கண்டாள்.

நற்றிணையின் 110-ஆம் பாட்டில் போதனார் இன்னும் ஆழமாகச் செல்கின்றார். பொற்கிண்ணத்துத் தேன் கலந்த பாலை உண்ண மறுத்து ஓடிய சிறுமி, வளர்த்தவர்கள் பின்தொடர முடியாமல் தளர்ந்து நின்ற செல்வ மகள், இன்று கணவன் குடி வறுமையுற்ற நிலையில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் வேளை தவறி உண்கின்றாள். இந்த அறிவும் ஒழுக்கமும் எங்கே கற்றாள் என்று வியப்பே பாட்டாகின்றது. அவள் வளர்ந்த நாளை அறிந்தவர்க்கே இவ்வியப்பு தோன்றும். புதிதாக வந்த விருந்தினன் அதே மனையில் ஒரு வறிய பெண்ணை மட்டுமே காண்பான். தொன்மையை அறிந்த கண்ணுக்கே இன்றைய புதுமையும் விளங்குகின்றது.

ஐங்குறுநூற்றில் பேயனார் செவிலி கூற்றுப் பத்து என ஒரு பத்தே பாடினார். அதன் தொடக்கப் பாட்டில் புதல்வனை நடுவில் கிடத்திப் பெற்றோர் இருபுறமும் கிடக்கும் காட்சியைக் குட்டியை இடையிட்ட மானினத்தோடு ஒப்பிடுகின்றாள் செவிலி. பேரப்பிள்ளையைக் காணச் செல்லும் பாட்டியரின் முன்னோடி இவளே என்று சொல்லத் தோன்றுகின்றது.

இப்பாடல்கள் அனைத்தும் ஒரே செய்தியை நமக்கு உணர்த்துகின்றன. முதியவர் வருவது மனை காண. நம் சமையலறையில் எது எங்கே இருக்கின்றது, பிள்ளை யார் அருகில் உறங்குகின்றான், கணவனும் மனைவியும் எக்குரலில் பேசிக்கொள்கின்றனர், அலுவலகத்திலிருந்து திரும்பும்போது நம் முகம் எப்படி இருக்கின்றது என்பவையே அவர்கள் காண விரும்பும் இடங்கள். ஊர் திரும்பி அவர்கள் பிறரிடம் கூறப்போவதும் இவற்றையே. எம் தாயார் மூன்றாம் நாள் மாலை அடுக்களையில் ஒரு பலகையில் அமர்ந்து, “இன்னிக்குத்தான் உன் வீட்டை உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றார். அதைக் களைப்பு என்று எண்ணிக்கொண்டோம். குறுந்தொகையைச் சரியாகப் படித்திருந்தால் அது ஒரு குற்றச்சாட்டு என்று புரிந்திருக்கும்.

இத்துறையில் ஒரு குறையும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இப்பாடல்களில் செவிலி காண்பதெல்லாம் தலைவியின் நல்வாழ்வே. வறுமையை அவள் கண்டாலும் அதனிடையே பெருமையைக் காண்கின்றாள். சென்று கண்ட மனையில் துன்பம் இருந்தால், முதியவரின் நிலை யாது? இதற்கு விடை கூற இளங்கோவடிகள் வர வேண்டியிருந்தது.

கண்ணகியின் முறுவல்

தனிக்குடித்தனம் புதிய நாகரிகம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில், இளந்தம்பதியரின் இல்லறச் சிறப்பைக் காண விரும்பிக் கோவலனின் தாயே அவர்களைத் தனி மனையில் அமர்த்துகின்றாள். விருந்து பேணும் வாழ்க்கையை அவர்கள் தாமே நடத்த வேண்டும் என்பது அவள் விருப்பம். பின்னர்க் கோவலன் மாதவியிடம் சென்றான். மனையில் கண்ணகி தனித்திருந்தாள். அந்நாட்களில் மாமனும் மாமியும் அவளைக் காண வந்தது நூலில் நிகழ்ச்சியாகக் காட்டப்படவில்லை. கொலைக்களக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில், கோவலனுக்குக் கடைசி உணவை இட்டபின் கண்ணகியே அதனைச் சொல்கின்றாள்.

கணவன் இல்லாத மனையில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேன் என்கின்றாள் அவள். அடுத்து, உன் பெற்றோர் வந்தபோது உன் மீதுள்ள வருத்தத்தை மறைத்து நின்றேன். அவர்கள் அன்பு மொழி கூறி என்னைப் பாராட்டினர். நான் உள்ளே ஒளித்த நோயை என் பொய்ம்முறுவல் அவர்களுக்குச் சொல்லிவிட்டது. அவர்கள் உள்ளம் வருந்தினர் என்கின்றாள்.

இதனினும் கூர்மையான வருகைக் காட்சி நம் இலக்கியத்தில் வேறு இல்லை என்பது எம் துணிபு. சிரிப்பை இட்டு மறைத்தாள் மருமகள். சிரிப்பினாலேயே கண்டுகொண்டனர் முதியோர். ஆயினும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பாராட்டிவிட்டுச் சென்றனர். இரு பக்கமும் அன்பு நிறைந்திருந்தது. இரு பக்கமும் உண்மை பேசப்படவில்லை. இருமுதுகுரவர்க்குச் செய்யும் ஏவலிலும் தவறினேன் என்று கோவலன் வருந்துவதும் அக்காதையிலேதான். காலம் கடந்த வருத்தம் அது.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இன்றும் இதுவே நடக்கின்றது. வேலையில் நெருக்கடி, கடன், பிள்ளையின் படிப்பில் தளர்ச்சி, தம்பதியரிடையே மனத்தாங்கல் ஆகியவற்றைப் பெற்றோர் வரும் சில நாட்களில் மறைத்துவிட வேண்டும் என்று முயல்கின்றோம். ஊர் சுற்றுதல் அதற்கு மிக வசதியான திரை. வண்டியில் ஏறி மலைக்குச் சென்றால் வீட்டைப் பற்றிப் பேச வேண்டுவதில்லை அல்லவா? நம் பட்டியல்கள் பலவற்றில் கண்ணகியின் முறுவல் ஒளிந்திருக்கின்றது.

கந்தசாமிப் பிள்ளை வீட்டுத் தாத்தா

இக்காலப் புனைகதைக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ பெரும்பாலும் சமுதாய அங்கதமாகவே பேசப்படுகின்றது. அதனைக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்திற்கு வந்த முதியவரின் கதையாகவும் படிக்கலாம். சென்னையில் பிழைக்கும் திருநெல்வேலிக் குடும்பம் அது. வழியில் சந்தித்த கடவுளை வீட்டிற்கு அழைத்து வரும் பிள்ளை, தம் மனைவியிடம் அவரை ஊர்ப் பக்கத்துப் பெரியப்பா என்று அறிமுகம் செய்கின்றார். குழந்தைக்கு அவர் தாத்தா ஆகிவிடுகின்றார்.

மூவரும் அவரை ஏற்கும் வகையில் வேறுபாடு உண்டு. பிள்ளைக்கு அவர் கணக்கில் கொள்ளத்தக்கவர். தம் வைத்திய இதழுக்கு ஆயுள் சந்தா கட்டக்கூடியவர். மனைவிக்கு அவர் மரியாதைக்குரிய பெரியவர். வணங்கி உணவிட வேண்டியவர். குழந்தைக்கு மட்டும் அவர் வேண்டியவர். விளையாட ஓர் ஆள். கதை முழுவதும் கடவுள் மனநிறைவோடு இருக்கும் இடம் அக்குழந்தையின் அருகே மட்டுந்தான். அவருக்கு அவ்வீட்டில் ஒரு வேலை கொடுத்தவள் அவளே.

முடிவில் கடவுள், மனிதரோடு உடன் வாழ இயலாது என்று கூறிச் சென்றுவிடுகின்றார். பலரும் இதனைக் கடவுளின் தோல்வியாகக் கண்டு நகைப்பர். எமக்கு அது ஒவ்வொரு பெற்றோரும் திரும்பும் நாளில் மனத்துள் கூறிக்கொள்ளும் சொல்லாகவே படுகின்றது. தொலைவிலிருந்து வாழ்த்தலாம், உடனிருந்து வாழ்தல் அரிது என்று அவர்கள் எண்ணும்படி நேர்வது எதனால்? மரியாதை குறைந்ததால் அன்று. செய்வதற்கு ஒன்றும் கொடுக்காமல் மரியாதை மட்டும் கொடுத்ததால்.

டோக்கியோவில் ஒரு சிற்றறை

இது தமிழர்க்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த ‘டோக்கியோக் கதை’ என்னும் திரைப்படம் இதே பொருளை எடுத்துக்கொண்டது. ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து முதிய தம்பதியர் டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைக் காணப் புறப்படுகின்றனர். மருத்துவனான மகனுக்கு நோயாளிகளால் ஓய்வில்லை. அழகு நிலையம் நடத்தும் மகளுக்குத் தொழிலால் ஓய்வில்லை. இருவரும் பணம் போட்டுப் பெற்றோரை அட்டாமி என்னும் வெந்நீரூற்றுச் சுற்றுலா ஊருக்கு அனுப்பி வைக்கின்றனர். விடுதியின் இரைச்சலில் உறக்கம் வராமல் முதியோர் விரைவில் திரும்பிவிடுகின்றனர்.

போரில் இழந்த மகனின் மனைவி நோரிக்கோ மட்டும் அலுவலகத்தில் விடுப்புப் பெற்று, அவர்களைப் பேருந்தில் ஏற்றி நகரத்தைக் காட்டுகின்றாள். பின்னர்த் தன் ஒற்றையறைக்கு அழைத்துச் செல்கின்றாள். மாமனாருக்கு வேண்டிய மதுவையும் கிண்ணத்தையும் அண்டை வீட்டில் கடன் வாங்கி வருகின்றாள். மற்றோர் இரவு மாமியார் அவ்வறையிலேயே தங்கி, இறந்த மகனின் படுக்கையில் உறங்குவதைப் பெரும் மகிழ்ச்சியாகக் கருதுகின்றார். ஊர் திரும்பியபின் தாய் இறந்துபோகின்றார்.

இங்கே ஓசுவின் நடுநிலையைப் பாராட்ட வேண்டும். மகனையும் மகளையும் அவர் கொடியவர்களாகக் காட்டவில்லை. நம்மைப் போன்றவர்களாகவே காட்டினார். ஊர் சுற்றுதலையும் அவர் பழிக்கவில்லை. நோரிக்கோவும் ஊரைச் சுற்றிக் காட்டியவளே. ஆயின் அட்டாமிக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர்; நோரிக்கோவுடன் சென்றனர். அட்டாமியில் அவர்கள் கண்டது கடல். நோரிக்கோவின் அறையில் கண்டது மனை. கூடலூர் கிழாரின் செவிலி கண்ட துவைக்காத ஆடையும், ஓசுவின் தாய் கண்ட கடன் வாங்கிய கிண்ணமும் ஒன்றே அல்லவா?

கோடு என்னும் சொல்

மீண்டும் எம் ஊருக்கு வருவோம். கோடு என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. மலைமுகடு ஒன்று, குளக்கரை ஒன்று, வரைந்த எல்லை ஒன்று. கொல்லங்கோட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கட்கு இம்மூன்றும் பொருந்தும்.

மலைமுகடு கண்முன் நிற்கின்றது. எல்லைக்கோடு 1956 நவம்பர் 1-இல் விழுந்தது. அதுவரை கொல்லங்கோடும் பொள்ளாச்சியும் ஆனைமலையும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. இது மலபார் மாவட்டம், அது கோவை மாவட்டம், அவ்வளவே வேறுபாடு. பின்னர் இரு மாநிலங்கள் ஆயின. ஆனால் பெண் கொடுத்தலும் கொள்ளலும், சந்தையும் திருவிழாவும் அக்கோட்டைத் தாண்டியே நடந்து வருகின்றன. பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதை அகலப்பாதையாக்கும் பணிக்காக 2008-இல் மூடப்பட்டு 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஏழாண்டு இடைவெளியில் முழங்கால் வலியுடைய முதியோர் பேருந்து மாறி ஏறி வர இயலாமல் வருகையையே நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எமக்குத் தெரியும். உறவு அற்றதற்குப் பகை காரணம் அன்று. இரயில் இல்லாமையே காரணம்.

எஞ்சியது கரை. நாம் புலம்பெயர்ந்து ஈட்டிய செல்வமாகிய நீரைத் தாங்கி நிற்கும் கரை எது என்பதே கேள்வி. எம் மகன் மலையாளமும் ஆங்கிலமும் நன்கு படிக்கின்றான். தமிழை வீட்டில் பேசுகின்றான். அத்தைப் பாட்டி யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனைக் கற்பிக்கக்கூடிய பள்ளி எதுவும் இல்லை. அவன் தாத்தா தம் அக்காவின் திண்ணையில் ஒரு பகல் அமர்ந்திருந்தால், இருவரும் சிறுவயதுக் கதைகளைப் பேசியிருந்தால், அந்தப் பேச்சின் நடுவே அவன் கற்றிருப்பான். அந்த ஒரு பகலை யாம் குருவாயூருக்குக் கொடுத்தோம். குருவாயூரப்பன் அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்பான் என்பது எமக்குத் தோன்றாமல் போயிற்று.

மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் வடக்கே காஞ்ஞங்காட்டில் 1905-இல் பிறந்து, எம் ஊர் உயர்நிலைப் பள்ளியில் மலையாள ஆசிரியராகப் பணியாற்றியவர். கேரளத்தின் வயலையும் மலையையும் ஆற்றையும் அவரைப்போல் பாடியவர் அரியர். ஓர் ஊரின் அழகைக் காண அங்குத் தங்கி உலவும் பொழுது வேண்டும் என்பதற்கு அவர் சான்று. நான்கு நாளில் ஏழு இடம் என்னும் கணக்கில் மலையும் மனையும் ஆகிய இரண்டுமே தப்பிவிடுகின்றன.

ஆகவே இம்மலரைப் படிக்கும் குடும்பங்கட்கு எம் வேண்டுகோள் இது. பெற்றோர் வரும்போது முதல் நாளை அவர்கள் கேட்கும் உறவினர்க்கு ஒதுக்குங்கள். இரண்டாம் நாளை ஒன்றும் செய்யாமல் வீட்டிலேயே கழியுங்கள். தாத்தா பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லட்டும், பாட்டி தம் கைப்பக்குவத்தில் ஒரு குழம்பு வைக்கட்டும். வீட்டில் துன்பம் இருப்பின் அதனைச் சொல்லுங்கள். சொல்லாவிடினும் அவர்கள் கண்டுகொள்வர் என்று இளங்கோவடிகள் முன்பே எழுதிவிட்டார். மூன்றாம் நாள் மலைக்குச் செல்லலாம். மலை அழகாகவே இருக்கும்.

சென்ற பங்குனியில் எம் பெற்றோர் மீண்டும் வந்தனர். இம்முறை பட்டியல் எழுதவில்லை. பொள்ளாச்சியிலேயே அவர்களை எதிர்கொண்டு, நேரே ஆனைமலைக்குச் சென்றோம். அத்தையின் மகன் வீட்டில் இரண்டு வேளை உண்டு, ஓர் இரவு தங்கினோம். தந்தை திண்ணையில் அமர்ந்து, எம் மகனுக்குத் தம் அக்காவைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னது அவன் பாடநூல் எதிலும் இல்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சொல்லப்பட்டவர் மட்டும் அங்கில்லை.